9 யூரோ விமானமா, 60 யூரோ ரயிலா? வாசலிலிருந்து வாசல்வரை கணக்குப் போடும் முறை

ஐரோப்பாவில் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போக முதன்முறையாகத் திட்டமிடுகிறவர் கண்ணில் படுவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: விமானம் 19 யூரோ, ரயில் 79 யூரோ. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. விமான டிக்கெட் எடுத்தேன். என் பெட்டியின் சக்கரங்கள் அவர்கள் வைத்திருந்த அளவுச் சட்டத்துக்குள் நுழையவில்லை. வாயிலில் நின்றபடியே 60 யூரோ கட்டினேன். இறங்கிய விமான நிலையம் நகரத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டிருந்தது, நகரமோ 100 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. பஸ்ஸுக்கு 20 யூரோ. நள்ளிரவு தாண்டி நகருக்குள் நுழைந்தபோது மெட்ரோ நின்றுவிட்டது. டாக்ஸிக்கு 25. கூட்டினால் 124 யூரோ. அந்த 79 யூரோ ரயில் மாலை ஆறு மணிக்கே நகரின் நடுவில் கொண்டுபோய் விட்டிருக்கும்.

இதனால் ரயில்தான் எப்போதும் மலிவு என்ற முடிவுக்கு நான் வரவில்லை. அது உண்மையும் அல்ல. கிரீன்பீஸ் அமைப்பு 2023-இல் ஐரோப்பாவின் 112 வழித்தடங்களை ஆராய்ந்தபோது, ரயில் டிக்கெட் சராசரியாக விமான டிக்கெட்டைப்போல் இரண்டு மடங்கு விலையில் இருந்தது. லண்டன்–பார்சிலோனா போன்ற தடங்களில் வேறுபாடு இன்னும் பெரிது. நான் சொல்ல வருவது வேறு. திரையில் தெரியும் இரண்டு எண்களும் இரண்டு வெவ்வேறு பொருள்களின் விலை. ஒன்று, ஓர் இருக்கையின் விலை. மற்றொன்று, ஏறத்தாழ முழுப் பயணத்தின் விலை. இரண்டையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒப்பிட முடியும். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாக வருகிற எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். தரையில் ஓடும் வண்டியைவிட வானத்தில் பறக்கும் வண்டி எப்படி மலிவாக இருக்க முடியும்? பன்னாட்டு விமானங்களின் எரிபொருளுக்கு வரி இல்லை. 1944-இல் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கையிலிருந்தும் அதன்மேல் நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தங்களிலிருந்தும் வந்த வழக்கம் இது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பன்னாட்டு விமான டிக்கெட்டுக்கு மதிப்புக்கூட்டு வரியும் கிடையாது. ரயிலோ ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தண்டவாளக் கட்டணம் செலுத்துகிறது. லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே ஓடும் யூரோஸ்டார், ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் செல்லும் சுரங்கத்தைக் கடப்பதற்கென்று தனியாகச் சுங்கம் கட்டுகிறது. மலிவு விமான நிறுவனங்கள் பெரிய நிலையங்களை விட்டுவிட்டு, கட்டணம் குறைந்த சிறிய நிலையங்களைத் தேடிப் போகின்றன. அந்தச் சேமிப்பின் ஒரு பகுதிதான் நமக்கு மலிவு டிக்கெட்டாக வருகிறது. இன்னொரு பகுதியை நாமே பஸ் கட்டணமாகக் கட்டிவிடுகிறோம்.

முதல் படி: நிலையத்தின் பெயரை நம்பாதீர்கள், வரைபடத்தைத் திறங்கள்

ஒரு தாளின் இடப்பக்கத்தில் விமானம், வலப்பக்கத்தில் ரயில் என்று எழுதிக்கொள்ளுங்கள். இரண்டின் தலையிலும் ஒரே தொடக்கம், ஒரே முடிவு இருக்க வேண்டும். நீங்கள் தங்கியிருக்கும் வீட்டு வாசல் தொடக்கம், போய்ச் சேரும் விடுதியின் வாசல் முடிவு. விமான நிலையத்திலிருந்து விமான நிலையம் வரை என்று கணக்குப் போட்டால் அந்தக் கணக்கு தொடக்கத்திலேயே தவறிவிடும்.

மலிவு விமானங்கள் இறங்கும் இடங்கள் சிலவற்றை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பாரிஸ்–போவே நிலையம் பாரிஸிலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. ஃபிராங்க்ஃபர்ட்–ஹான், ஃபிராங்க்ஃபர்ட் நகரிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். மியூனிக்குக்குப் போகிறோம் என்று நினைத்து மெம்மிங்கனுக்கு டிக்கெட் எடுத்தால் 110 கிலோமீட்டர் பஸ் பயணம் காத்திருக்கும். ஸ்டாக்ஹோம்–ஸ்காவ்ஸ்டா 100 கிலோமீட்டர். பார்சிலோனாவின் பெயரில் விற்கப்படும் ஜிரோனா 90 கிலோமீட்டர். பிரஸ்ஸல்ஸ்–ஷார்ல்ரோவா, மிலானுக்கு அருகிலுள்ள பெர்காமோ ஆகியவை பரவாயில்லை, ஐம்பது கிலோமீட்டரை ஒட்டி வரும். லண்டனுக்கு ஆறு விமான நிலையங்கள் இருக்கின்றன. ஸ்டான்ஸ்டெட்டும் லூட்டனும் நகரின் நடுவிலிருந்து வெகு தூரத்தில் இருப்பவை.

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மூன்றெழுத்துக் குறியீடு உண்டு. டிக்கெட்டில் நகரத்தின் பெயர் என்னவாக இருந்தாலும் அந்தக் குறியீட்டை வைத்தே இடத்தைத் தேடுங்கள். பிறகு, அங்கிருந்து நகருக்கு வரும் பஸ் அல்லது ரயிலின் கட்டணத்தையும், கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதையும் எழுதுங்கள். கடைசி வண்டியின் நேரம்தான் பலரும் பார்க்க மறப்பது. காலை 6 மணி விமானம் மலிவாக இருப்பதற்கும் அதே காரணம்தான்: அந்த நேரத்துக்கு நிலையம் போய்ச் சேர பொதுப் போக்குவரத்து ஓடாது. டாக்ஸிக் கட்டணமோ, முந்தின இரவு நிலையத்துக்கு அருகில் தங்கும் அறையின் வாடகையோ இடப்பக்கத்தில் ஏற வேண்டும்.

ரயில் நிலையங்கள் பெரும்பாலும் நகரின் நடுவில் இருக்கின்றன. வலப்பக்கத்தில் ஒரு மெட்ரோ டிக்கெட்டின் விலை போதும்.

இரண்டாம் படி: எத்தனை மணி நேர ரயில்?

இதை விலைக்கு முன்பே பார்த்துவிடுங்கள், பாதி முடிவு இங்கேயே வந்துவிடும். பிரஸ்ஸல்ஸ்–பாரிஸ் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. பிரஸ்ஸல்ஸ்–ஆம்ஸ்டர்டாம் இரண்டு மணி நேரத்துக்குள். லண்டன்–பாரிஸ் இரண்டேகால் மணி நேரத்தை ஒட்டி. பாரிஸ்–ஃபிராங்க்ஃபர்ட் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வியன்னா–பிராட்டிஸ்லாவா இரண்டு நாடுகளின் தலைநகரங்கள், ஆனால் ரயிலில் ஒரு மணி நேரம். ரயில் பயணம் நான்கைந்து மணி நேரத்துக்குள் என்றால் விமானம் நேரத்தை மிச்சப்படுத்துவதில்லை. நிலையத்துக்குப் போவது, இரண்டு மணி நேரம் முன்பே சென்று வரிசையில் நிற்பது, இறங்கி நகருக்குள் வருவது எல்லாம் சேர்ந்து அதே நேரத்தை விழுங்கிவிடும்.

ஐந்து முதல் எட்டு மணி நேரம் வரையிலான தடங்களில்தான் உண்மையான ஒப்பீடு தேவைப்படுகிறது. பாரிஸ்–பார்சிலோனா, பாரிஸ்–மிலான் இரண்டும் இந்த வகை. எட்டு மணி நேரத்துக்கு மேல் போனால் இரவு ரயில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தயங்காமல் விமானத்தைத் தேர்ந்தெடுங்கள்.

வரைபடத்தில் பக்கத்தில் இருப்பதெல்லாம் ரயிலில் பக்கம் அல்ல. மாட்ரிட்டும் லிஸ்பனும் அண்டை நாடுகளின் தலைநகரங்கள்; நேரடி ரயில் இல்லை. இடையிடையே வண்டி மாறிப் போனால் ஒரு பகல் முழுவதும் போய்விடும். ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் இடையே சிக்கல் வேறு: ஸ்பெயினின் பழைய தண்டவாளங்களின் அகலம் 1,668 மில்லிமீட்டர், பிரான்சில் 1,435. எனவே அந்தப் பழைய பாதைகளில் எல்லையில் இறங்கி வண்டி மாறத்தான் வேண்டும்.

மூன்றாம் படி: விமானத்தின் முழு விலையை எழுதுங்கள்

டிக்கெட் வாங்கும் பக்கத்தில் கடைசித் திரை வரை செல்லுங்கள், பணம் கட்டுவதற்கு முன் நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே காட்டப்படும் தொகைதான் உங்கள் கணக்குக்கு உரியது.

முதலில் பெட்டி. மலிவு விமானத்தில் இலவசம் என்பது முன் இருக்கைக்கு அடியில் நுழையும் ஒரு சிறு பை மட்டுமே. ஏறத்தாழ 40, 30, 20 சென்டிமீட்டர் என்று நினைத்துக்கொள்ளுங்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும். ஒரு முதுகுப்பை, அதுவும் திணிக்காமல் இருந்தால், அடங்கும். தலைக்குமேல் வைக்கும் சக்கரப்பெட்டிக்குத் தனிக் கட்டணம், சரக்கறைக்குப் போகும் 20 கிலோ பெட்டிக்கு இன்னும் கூடுதல். டிக்கெட் எடுக்கும்போதே பெட்டியைச் சேர்த்தால் ஒரு விலை, பிறகு சேர்த்தால் அதிக விலை, வாயிலில் பிடிபட்டால் 60 யூரோவைத் தாண்டுவதும் உண்டு. வீட்டில் ஓர் அளவுநாடாவை எடுத்து, சக்கரம், கைப்பிடி எல்லாம் சேர்த்துப் பெட்டியை அளந்துபாருங்கள். இரண்டு நிமிட வேலை, அதைச் செய்யாமல் நான் 60 யூரோ கட்டினேன்.

அடுத்தது செக்-இன். முன்கூட்டியே இணையத்தில் செய்துவிட்டால் இலவசம். விமான நிலையத்தில் போய்ச் செய்தால் 50 யூரோவுக்கு மேல் வாங்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. டிக்கெட் எடுத்த அன்றே கைப்பேசியில் ஒரு நினைவூட்டல் வைத்துவிடுங்கள், திரும்பும் பயணத்துக்கும் சேர்த்து.

இருக்கைத் தேர்வு தனியாகப் பயணிப்பவருக்குத் தேவையில்லை. சேர்ந்து போகிறவர்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வேண்டுமென்றால் அதையும் எழுதுங்கள். நாணய மாற்றமும் கவனிக்க வேண்டியது. உங்கள் வங்கி அட்டை வேறு நாட்டுடையது என்றால், சில விற்பனைத் தளங்கள் தாங்களே ஒரு மாற்று விகிதத்தைப் போட்டு உங்கள் நாட்டு நாணயத்தில் தொகையைக் காட்டும். பெரும்பாலும் அந்த விகிதம் வங்கியுடையதைவிட மோசமாக இருக்கும். டிக்கெட்டின் மூல நாணயத்திலேயே பணம் கட்டுங்கள்.

நான்காம் படி: ரயிலின் விலையைக் குறைத்துப் பாருங்கள்

விமான டிக்கெட்டை ஐந்து நிமிடத்தில் வாங்கிவிடலாம். ரயில் டிக்கெட்டை நல்ல விலைக்கு வாங்குவது கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு வேலை. முதல் தேடலில் வரும் விலையை வைத்து ரயிலைத் தள்ளிவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் பல தடங்களில் அந்த விலையில் பாதிக்கு இருக்கை இருந்திருக்கும்.

எப்போது வாங்குகிறோம் என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிது. அதிவேக ரயில்களின் கட்டணமும் விமானத்தைப்போலவே நாளாக நாளாக ஏறும். ஒவ்வொரு வண்டியிலும் குறைந்த விலைக்கென்று ஒதுக்கப்பட்ட இருக்கைகள் கொஞ்சம்தான், அவை தீர்ந்ததும் அடுத்த விலைப் படிக்குப் போய்விடும். பெரும்பாலான ரயில் நிறுவனங்கள் சில மாதங்களுக்கு முன்பே விற்பனையைத் திறக்கின்றன. திறக்கும் நாளைத் தெரிந்துகொண்டு அன்றே வாங்குவது நல்லது. ஐரோப்பிய ரயில்களின் கால அட்டவணை ஆண்டுதோறும் டிசம்பர் நடுவில், இரண்டாம் சனிக்கிழமை நள்ளிரவில் மாறுகிறது. அதற்குப் பிந்தைய தேதிகளுக்கான டிக்கெட்டுகள் தாமதமாகத்தான் விற்பனைக்கு வரும். கிறிஸ்துமஸ் பயணத்துக்கு ஆகஸ்டில் தேடி, ஒன்றும் காட்டவில்லை என்றால் ரயிலே இல்லை என்று பொருள் அல்ல.

கிழமையும் நேரமும் பாருங்கள். வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் விலை உச்சத்தில் இருக்கும். செவ்வாய், புதன் நண்பகலில் அதே தடம் பாதி விலைக்குக் கிடைப்பதுண்டு. விமானத்துக்கும் இது பொருந்தும், எனவே ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே நாளை எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை விமானத்தையும் வெள்ளிக்கிழமை ரயிலையும் பக்கத்தில் வைப்பது ஒப்பீடே அல்ல.

யாரிடம் வாங்குகிறோம் என்பது பலருக்கும் தெரியாத சங்கதி. எல்லை கடக்கும் ஒரே ரயிலை இரண்டு நாட்டு நிறுவனங்களும் விற்கும், இரண்டின் விலையும் வேறாக இருக்கலாம். பெர்லின்–பிராக் ரயிலை ஜெர்மனியின் டொய்ச்ச பானும் விற்கிறது, செக் நாட்டின் செஸ்கே ட்ராஹியும் விற்கிறது. வியன்னா–புடாபெஸ்ட் தடத்தில் ஆஸ்திரியாவின் ஓபிபி ஒரு பக்கம், ஹங்கேரியின் மாவ் ஒரு பக்கம். ஒன்றில் மலிவு ஒதுக்கீடு தீர்ந்திருக்கும்போது மற்றொன்றில் இருக்கும். ஆகவே எப்போதும் இரு முனைகளின் நிறுவனங்களிலும் பாருங்கள். இடைத்தரகுத் தளங்கள் தேடுவதற்கு வசதியானவை, ஆனால் அவற்றில் பல சேவைக் கட்டணம் சேர்க்கின்றன. தேடலை அங்கே செய்து, வாங்குவதை நிறுவனத்திடமே வைத்துக்கொள்ளலாம்.

கடைசி நிமிடத்தில் பயணம் முடிவாகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. வட்டார ரயில்களின் கட்டணம் பெரும்பாலும் நிலையானது, இன்று வாங்கினாலும் மூன்று மாதம் முன்பு வாங்கினாலும் ஒரே விலை. பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் உள்நாட்டு ரயில்களுக்கு முன்கூட்டி வாங்க வேண்டிய கட்டாயமே இல்லை. லக்ஸம்பர்க்கில் 2020 மார்ச் முதல் நாடு முழுவதும் பொதுப் போக்குவரத்து இலவசம், ரயிலில் இரண்டாம் வகுப்பு உட்பட. அந்த நாட்டின் வழியாகப் போகிறவர் எல்லை நிலையம் வரைக்கும், எல்லை நிலையத்திலிருந்தும் மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும். ஜெர்மனியின் மாதச் சந்தா டிக்கெட்டான டொய்ச்லாந்து டிக்கெட் வைத்திருப்பவர்கள், வட்டார ரயில்களில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நிலையம் வரை கூடுதல் கட்டணமின்றிப் போகலாம். நேரம் அதிகமாகும், நான்கைந்து முறை வண்டி மாற வேண்டியிருக்கும். ஆனால் பணம் முக்கியம், நாள் முழுவதும் கையில் இருக்கிறது என்றால் அதிவேக ரயிலையும் விமானத்தையும் சேர்த்தே இது தோற்கடித்துவிடும்.

ரயிலில் மறைந்திருக்கும் செலவுகளையும் மறைக்காமல் எழுதுங்கள். சில ரயில்களில் இருக்கை முன்பதிவுக்குத் தனியாகச் சில யூரோ ஆகும். பெட்டிக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. யூரோஸ்டாரில் சாதாரண வகுப்பில் இரண்டு பெட்டிகளும் ஒரு கைப்பையும் கொண்டுபோகலாம். ஆனால் ஊய்கோ போன்ற மலிவு ரயில்கள் விமானங்களைப்போலவே பெரிய பெட்டிக்குப் பணம் கேட்கின்றன. லண்டனிலிருந்து புறப்படும் யூரோஸ்டாருக்கு ஏறும் முன்பே பாஸ்போர்ட் சோதனையும் பை சோதனையும் முடிந்துவிடும், அதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பே போக வேண்டும். அந்த நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

இரவு ரயில்

2016 டிசம்பரில் ஜெர்மனி தன் இரவு ரயில்களை நிறுத்தியபோது, ஆஸ்திரிய ரயில்வே அவற்றில் பலவற்றை எடுத்து நைட்ஜெட் என்ற பெயரில் ஓட்டத் தொடங்கியது. 2023 மே மாதம் யூரோப்பியன் ஸ்லீப்பர் என்ற சிறிய நிறுவனம் பிரஸ்ஸல்ஸ்–பெர்லின் தடத்தில் இறங்கியது, அடுத்த ஆண்டு பிராக் வரை நீட்டித்தது. இவற்றில் மூன்று வகை இடங்கள் உண்டு. வெறும் இருக்கை, நான்கு அல்லது ஆறு பேர் படுக்கும் பொது அறை, ஒருவரோ இருவரோ மூவரோ தங்கும் தனி அறை. இருக்கையில் உட்கார்ந்தபடி இரவைக் கழிப்பதை, இளைஞராக இருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன். காலையில் போய்ச் சேர்ந்து தூங்கி எழுவதிலேயே பகல் போய்விடும். பொதுப் படுக்கை அறைதான் பணத்துக்கு ஏற்றது.

இங்கே கணக்கு வேறு மாதிரி. அன்றிரவு விடுதிக்குக் கொடுத்திருக்க வேண்டிய தொகையை ரயில் கட்டணத்திலிருந்து கழியுங்கள். ஆனால் நேர்மையாகக் கழியுங்கள். போகிற ஊரில் உறவினர் வீட்டில் தங்கப் போகிறீர்கள் என்றால் கழிக்க ஒன்றுமில்லை.

பாஸ் வாங்கலாமா?

1972-இல் 21 வயதுக்குட்பட்டவர்களுக்காகத் தொடங்கிய இன்டர்ரெயில் பாஸ் இன்று எல்லா வயதினருக்கும் கிடைக்கிறது, 33 நாடுகளில் செல்லும். ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில், வெளியிலிருந்து வருபவர்களுக்கு யூரெயில். 27 வயது வரை உள்ளவர்களுக்கு இளைஞர் கட்டணம். பெரியவருடன் வரும் 11 வயது வரையிலான குழந்தைகளுக்குப் பாஸ் இலவசம்.

ஒரே இடத்துக்குப் போய்த் திரும்புகிறவருக்குப் பாஸ் லாபம் தராது. ஒரு மாதத்தில் நான்கு, ஐந்து, ஏழு நாள் என்று பல நகரங்கள் சுற்றுகிறவருக்கே பொருந்தும். பாஸின் விலையைப் பயண நாள்களால் வகுங்கள். அதோடு அன்றன்றைக்குரிய முன்பதிவுக் கட்டணத்தைக் கூட்டுங்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் பகல் ரயில்கள் பெரும்பாலானவற்றுக்கு முன்பதிவு கட்டாயமில்லை. பிரான்சின் அதிவேக ரயிலான டிஜிவி, யூரோஸ்டார், இரவு ரயில்களுக்குக் கட்டாயம். முதல் இரண்டிலும் பாஸ்காரர்களுக்கான இடங்கள் வரையறுக்கப்பட்டவை, எனவே பாஸ் கையில் இருந்தும் ஏற முடியாமல் போகலாம். நள்ளிரவுக்கு முன் ஏறி மறுநாள் காலை இறங்கும் இரவு ரயிலுக்கு, ஏறிய நாள் மட்டுமே பயண நாளாகக் கணக்கிடப்படும். இது நல்ல சலுகை, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: தவறினால் என்ன ஆகும்?

விலை இரண்டும் அருகருகே வந்துவிட்டால் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு விதிப்படி, விமானம் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி அதற்கு நிறுவனமே பொறுப்பு என்றால், 1,500 கிலோமீட்டர் வரையிலான பயணத்துக்கு 250 யூரோ இழப்பீடு உண்டு. டிக்கெட் 19 யூரோ என்றாலும் இழப்பீடு 250தான். ரயிலில் அப்படி இல்லை. 60 நிமிடத் தாமதத்துக்கு டிக்கெட் விலையில் 25 விழுக்காடு, 120 நிமிடத்துக்கு மேல் 50 விழுக்காடு.

இதைவிட முக்கியம் இணைப்பு ரயில். முழுப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட்டாக வாங்கியிருந்தால், முதல் வண்டி தாமதமாகி இரண்டாவது தவறினாலும் அடுத்த வண்டியில் அனுப்பிவைக்கும் பொறுப்பு ரயில் நிறுவனத்துக்கு உண்டு. மலிவுக்காக எல்லையில் உடைத்து இரண்டு டிக்கெட்டாக வாங்கியிருந்தால் அந்தப் பாதுகாப்பு உறுதியில்லை. பல ஐரோப்பிய ரயில் நிறுவனங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஓர் உடன்பாட்டின்படி, தனித்தனி டிக்கெட் வைத்திருப்பவரையும் அடுத்த ரயிலில் ஏற்றிக்கொள்கின்றன. அதற்கு, தாமதம் ஏற்பட்ட நிலையத்திலோ முதல் ரயிலின் பரிசோதகரிடமோ தாமதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்வது அவசியம். புதியவர்களுக்கு நான் சொல்வது: உடைத்து வாங்கினால் நடுவில் குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள், அன்றைய கடைசி இணைப்பு ரயிலை ஒருபோதும் நம்பாதீர்கள்.

ஆறாம் படி: நேரத்தை எழுதுங்கள், ஆனால் எல்லா நேரத்தையும் அல்ல

ஒரு மணி நேரத்துக்கு இத்தனை யூரோ என்று நேரத்துக்கு விலை போடச் சொல்வார்கள். நான் அதை ஒரு திருத்தத்தோடுதான் ஏற்கிறேன். வீணாகும் நேரத்துக்கு மட்டும் விலை போடுங்கள். ஐந்து மணி நேர ரயிலில் ஒரே இருக்கையில் அமர்ந்து படிக்கலாம், வேலை செய்யலாம், தூங்கலாம். ஆறு மணி நேர விமானப் பயணமோ பஸ், வரிசை, சோதனை, காத்திருப்பு, பறத்தல், மறுபடி வரிசை, மறுபடி பஸ் என்று துண்டு துண்டாகிவிடும். அதில் எந்தத் துண்டும் உருப்படியாக ஒரு வேலை செய்யப் போதாது.

கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம்

முறை விளங்குவதற்காக நானே வைத்துக்கொண்ட எண்கள் இவை, எந்தத் தடத்தின் விலையும் அல்ல. ஐந்து மணி நேர ரயில் ஓடும் இரண்டு நகரங்கள். தனி ஆள், ஒரு பெரிய பெட்டி, இரண்டு மாதம் முன்பே வாங்குகிறார்.

விமானம்: டிக்கெட் 24, பெட்டி 38, நிலையத்துக்குப் போக 12, இறங்கி நகருக்கு வர 19. மொத்தம் 93 யூரோ. நேரம் ஆறு மணி ஐந்து நிமிடம். ரயில்: டிக்கெட் 59, இருக்கை 5, இரு பக்கமும் நகரப் போக்குவரத்து 6. மொத்தம் 70 யூரோ. நேரம் ஐந்து மணி ஐம்பத்தைந்து நிமிடம். 24-க்கும் 59-க்கும் இடையே இருந்த பெரிய பள்ளம் இப்படித் தலைகீழாகிவிட்டது.

அதே ஆள் நான்கு நாள் முன்பு முடிவெடுத்து, ஒரு முதுகுப்பையோடு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். விமானம்: 55, 12, 19, மொத்தம் 86. ரயில்: 149, 5, 6, மொத்தம் 160. விமானம் 74 யூரோ மலிவு. இங்கே ரயிலைத் தேர்ந்தெடுக்க ஒருவருக்கு வேறு காரணம் இருக்கலாம், செலவைக் காரணமாகச் சொல்ல முடியாது.

இப்போது இரண்டு பெரியவர்கள், 8, 10 வயதில் இரண்டு குழந்தைகள், இரண்டு பெரிய பெட்டிகள், இரண்டு மாதம் முன்பு. விமானத்தில் இரண்டு வயது நிறைந்த குழந்தைக்கும் தனி இருக்கை, பெரியவருக்குரிய விலை. டிக்கெட் 96, பெட்டிகள் 76, நிலையப் பயணம் நான்கு பேருக்கு 124. மொத்தம் 296 யூரோ. ரயிலில் குழந்தைகளுக்குப் பாதிக் கட்டணம் என்று கொண்டால் டிக்கெட் 177, இருக்கைகள் 20, நகரப் போக்குவரத்து 24. மொத்தம் 221. குடும்பமாகப் போகும்போது விமான நிலையப் பஸ் கட்டணமே டிக்கெட்டைத் தாண்டிவிடுவதைக் கவனியுங்கள்.

இரு பக்கமும் பத்துப் பதினைந்து யூரோ வேறுபாட்டுக்குள் வந்து நின்றால் நான் ரயிலை எடுப்பேன். ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமை 2018-ஆம் ஆண்டுத் தரவுகளை வைத்துக் கணக்கிட்டபடி, ஒரு பயணி ஒரு கிலோமீட்டர் செல்ல ரயில் 33 கிராம் பசுங்குடில் வாயுக்களை வெளியிடுகிறது, விமானம் 160 கிராம். ஏறத்தாழ ஐந்து மடங்கு. அந்தப் பத்து யூரோவை நான் மனநிறைவோடு கொடுக்கிறேன்.

போவதும் வருவதும் ஒரே வகையில் இருக்க வேண்டியதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். மலிவு விமானங்களும் எல்லை கடக்கும் ரயில்களும் பெரும்பாலும் ஒருவழி டிக்கெட்டாகவே விலை வைக்கின்றன. போகும் நாளில் ரயில் மலிவு, திரும்பும் ஞாயிறு மாலையில் விமானம் மலிவு என்றால் அப்படியே கலந்து வாங்குங்கள். இரண்டு வழிக்கும் தனித்தனித் தாள் போட்டால் இது தானாகவே புலப்படும்.

வாங்கிய பிறகு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. தண்டவாளப் பராமரிப்பால் ரயில் நேரங்கள் மாறுவதுண்டு, வேலைநிறுத்த அறிவிப்பும் சில நாள் முன்பு வரலாம். புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பும் முந்தின இரவும் உங்கள் ரயிலின் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் ஒருமுறை தேடிப் பாருங்கள். நேரம் பெரிதாக மாறியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கவோ வேறு ரயிலுக்கு மாற்றிக்கொள்ளவோ உங்களுக்கு உரிமை உண்டு, மலிவு டிக்கெட்டாக இருந்தாலும்.